குங்குமம் மூக்கில் பட்ட பரீட்சை

சோரியாங்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் புகழ்வேந்தனுக்கு, உன் மாமா குழந்தைவேல் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா கஸ்தூரி, வெட்டுக்குக் காத்திருக்கும் கரும்பு எல்லோரும் சுகம். காரைக்காலில் நீயும் இளவரசியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்திலேயே நின்று நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்வாள். அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. அக்கா பாஸ். படிப்பில் அவள் சீட்டும் போகவில்லை. "அக்கா படிப்ப நடுவுல வுட்டுச்சின்னா அதுக்கு நீங்கதான் காரணம் மாமா" என்று போன மாதம் சொன்னாயே, அந்த வார்த்தையை நீ வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அப்பாடா என்று இன்றைக்குத்தான் மூச்சு விடுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் டிப்ளமா நர்ஸாக ஓடிக்கொண்டிருந்தவள், டிகிரி இருந்தால்தான் வார்டு இன்சார்ஜ் ஆக முடியும் என்று ஆன்லைனில் சேர்ந்தாள் அல்லவா, கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே காணாமல் போய்விட்டார்களாம். டூட்டி, வீட்டு வேலை, அதற்கு மேல் பாடம், யாரால் முடியும்? அப்படி நழுவுகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கென்றே அந்தப் பல்கலைக்கழகத்தில் லில்லி என்று ஒரு மேடம் இருக்கிறார்கள். வாரம் தவறாமல் போன் வரும். உன் அக்கா டூட்டியில் இருந்தால் நான் எடுப்பேன். "வீட்ல யாராவது கூட உக்காந்து பாடம் கேட்டா அவங்க படிப்ப விட மாட்டாங்க சார்" என்று ஒரு நாள் சொன்னார்கள். அன்றிலிருந்து கேமராவில் படாமல் சுவரோரம் உட்கார்ந்து நானும் பாடம் கேட்கிறேன். இப்போதெல்லாம் டீக்கடையில் எவன் கால் வீங்கியிருந்தாலும் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கண்டாலே காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்கள்.

போன முறை டூட்டியால் ஒரு பேப்பரை எழுதாமல் விட்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் சீட்டு போய்விடும். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பம்புசெட்டை நிறுத்தினேன், காலிங் பெல் வயரைப் பிடுங்கினேன், மிக்ஸியை ஒளித்து வைத்தேன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போது பார்த்து வில்லியனூரிலிருந்து என் பெரியப்பா அரிகரன், பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு தட்டை ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் தனியாகத்தான் வந்தார். உனக்கே தெரியும், நம் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாங்கினால்தான் பத்திரிகை வைத்ததாகக் கணக்கு. நான் எவ்வளவோ தடுத்தேன். "இன்னா பெரிய பரீட்சை, ராவுகாலம் வந்துடும்டா" என்று விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். எழுந்திருக்க முடியாமல் இருந்தவள் மடியில் தட்டை வைத்து, குங்குமத்தை எடுத்து வைத்தாரா, அது நெற்றிக்குப் போகாமல் மூக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. வயசாகிவிட்டது, கண் சரியில்லை போலிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மேடம் "யாரு அது? யாரு அது?" என்று கத்த, அவருக்கும் ஒரு கும்பிடு போட்டு, "நீங்களும் குடும்பத்தோட வந்துடணும்மா" என்றார். உன் அக்கா மூக்கைக்கூடத் துடைக்காமல் எழுதி முடித்தாள். ஆனால் ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம், கமிட்டி விசாரிக்கும் என்று அன்றைக்கே மெயில் வந்துவிட்டது.

லேப்டாப்பை மூடி பீரோ மேல் வைத்தாள். "போதும்ங்க, நான் நின்னுக்கறேன்" என்றாள். மச்சான், அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் பாட நேரத்துக்கு நான் மட்டும் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா வந்து பார்த்தாள். "இன்னா இது, பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே லேப்டாப்பை எடுத்து வந்து திறந்தாள்.

நேற்று லில்லி மேடம் கூப்பிட்டார்கள். கமிட்டி ரெக்கார்டிங்கைப் பார்த்ததாம், காப்பியடிக்கவில்லை என்று முடிவாகிவிட்டதாம், பாஸாம். அதற்கு மேல் உன் அக்காவிடம் மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அது எனக்குத் தேவையில்லை.

ஆக, என் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் பெரியப்பாவின் அவசரம் என்பது உனக்கு விளங்கியிருக்கும். நீயும் இளவரசியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், வீடு நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பரீட்சைக்குக் காவல் இருந்த மாமா,
குழந்தைவேல்.

பி.கு.: புகழு, இது அக்கா. எனக்குத் தெரியாமல் எழுதிய கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உங்க மாமா என்னிடமே கொடுத்தார், அதுவும் ஒட்டாமல். படித்துவிட்டேன். பெரியப்பா எங்கேயாவது மருமகள் நெற்றியில் குங்குமம் வைப்பாராடா? பாவம் அந்த மனுஷன், "பரீட்சை முடியட்டும்டா, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று வாசலிலேயே நின்றாராம். ராகு காலம் வருகிறதென்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தது உங்க மாமா. நீ வாங்கிக் கொடுத்த வாட்ச் கட்டிய கை அது, எனக்குத் தெரியாதா? அந்த மேடத்தைக் கல்யாணத்துக்கு அழைத்ததும் அவர்தான். நான் திரையை விட்டுத் திரும்பாததால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, அதை லில்லி மேடம்தான் சொன்னார்கள். கேள்வியைப் பார்த்துவிடக் கூடாதென்று உங்க மாமா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டே வந்திருக்கிறார். காப்பியடிக்க உதவ வந்தவன் கண்ணை மூடிக்கொண்டா வருவான் என்று கமிட்டியே சிரித்ததாம். அதனால்தான் விட்டார்கள்.

அடுத்த பரீட்சை வரும் மாதம். அதற்கு முதல் நாளே வந்து உங்க மாமாவைக் காரைக்காலுக்குக் கூட்டிக்கொண்டு போ. பரீட்சை முடிந்ததும் உடனே அனுப்பிவிடு. சுவரோரம் அவர் இல்லாவிட்டால் எனக்குப் பாடம் ஓடாது.