தலைவரைத் தாங்கிய ஸ்பிரிங்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு நாள். தென்காசி மலைச் சைக்கிள் மன்றம் காற்றை விட்டு ஸ்பிரிங்குக்கு மாறியது இன்னொரு நாள். இவ்விரண்டுக்கும் நடுவில் உலகத்தில் எழுதிவைக்கத் தக்கதாக எதுவும் நடக்கவில்லை.

மன்றத்தில் பதினான்கு உறுப்பினர்கள். பதினான்கு பேரிடமும் மலையேறும் சைக்கிள் உண்டு. வனத்துறைக்காரர்கள் மலைக்குள் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்குவார்கள். அதுவும் ஏற்றம்தானே. ஞாயிற்றுக்கிழமைதோறும் இறுக்கிப் பிடித்த கால்சட்டை, தலைக்கவசம், முதுகிலே குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்று போருக்குப் போகிற கோலத்தில் கிளம்பி, பிரானூர் பார்டரில் ஆளுக்கு ஆறு புரோட்டாவும் கோழியும் தின்று, 'உடல்நலம் பேணி'த் திரும்புவார்கள்.

தலைவர் செந்தில்வேல். வயது ஐம்பத்திரண்டு. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். கத்தரிக்காயில் இருபது கிராம் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. எடை விஷயத்தில் தன்னைப் போல நேர்மையான ஆள் தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் கிடையாது என்று அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். அவரே சொன்ன பிறகு நாம் என்ன சந்தேகப்படுவது?

அவருக்கு முன்பு தலைவராக இருந்தவர் பல் டாக்டர் நாறும்பூநாதன். எண்பத்து நாலு கிலோ. உடல்நல இயக்கத்துக்குத் தலைவராக இருப்பவர் எண்பது கிலோவுக்கு மேற்படலாகாது என்று ஏழாம் விதி ஒன்றைக் கொண்டுவந்து டாக்டரை இறக்கிவிட்டு, தன் எடை எழுபத்தெட்டு என்று மன்றக் குறிப்பேட்டில் எழுதவைத்து நாற்காலியில் உட்கார்ந்தார் செந்தில்வேல். இது நடந்து நாலு வருடம். குறிப்பேட்டில் எழுதினது வளராது. ஆள் வளரும். இப்போது நூற்று ஒன்று.

அந்த இரகசியம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று வீட்டிலிருந்த எடை பார்க்கும் மெஷின். அதை அவர் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். இன்னொன்று சைக்கிளின் ஷாக்.

மலைச் சைக்கிளில் சீட்டுக்குக் கீழே, சட்டத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் சின்னப் புட்டி மாதிரி ஒன்று இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழும்பும். அதுதான் ஷாக். உள்ளே காற்று. ஆள் கனம் கூடினால் கைப்பம்பால் இன்னும் நாலு அடி அடித்தால் போதும். செந்தில்வேல் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார். காற்று கண்ணியமானது. எத்தனை கிலோவுக்காக அடைபட்டுக் கிடக்கிறோம் என்று யாரிடமும் சொல்லாது.

இந்தக் கண்ணியத்தில்தான் டாக்டர் கைவைத்தார். பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது சைக்கிளில் காற்றை எடுத்துவிட்டு 'காயில்' என்கிற கம்பிச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டு வந்தார். காற்று ஷாக் சூடாகும், கசியும், சின்னக் கல்லுக்கெல்லாம் முரண்டு பிடிக்கும், காயில் ஷாக்கோ பஞ்சு மெத்தை என்று கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். மன்றம் முழுவதும் 'காயில் யுகத்தில்' நுழைவது என்று தீர்மானம் நிறைவேறியது. செந்தில்வேலும்தான் கையைத் தூக்கினார். தலைவர் தூக்காமல் இருக்க முடியுமா?

அதற்குப் பிறகுதான் டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"ஸ்பிரிங்கு ஆளாளுக்கு வேற. எடைக்குத் தக்கன வாங்கணும். எந்த எடைக்கு எந்த நம்பர்னு அட்டவணை இருக்கு. கம்பி மேலயே பெரிசா நம்பர் எழுதியிருப்பான், ரோட்டுல போறவனும் படிக்கலாம். எல்லாரும் எடையைச் சொல்லுங்க."

சொல்லும்போது அவர் தலைவரைப் பார்க்கவில்லை. அதுதான் செந்தில்வேலுக்குச் சந்தேகமாக இருந்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "எழுபத்தெட்டு" என்றார். டாக்டர், தான் இப்போது எழுபத்தொன்பதரை என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். பதின்மூன்று ஆண்கள், பதின்மூன்று வயிறுகள், எல்லாம் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் அடங்கிவிட்டன. புரோட்டாவின் மருத்துவ குணத்தை இனிமேலாவது நாடு உணர வேண்டும்.

பதினாலாவது உறுப்பினர் வள்ளித்தாய். ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவள். ஒரு ரிசார்ட்டில் வேண்டாமென்று ஓரங்கட்டிய மலைச் சைக்கிளை வாங்கி, சீட்டுக்குப் பின்னால் கேரியர் பற்றவைத்து, நைட்டிக்குக் கீழே மகனுடைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு தினமும் பழக்கூடையோடு மேடேறுகிறவள். மன்றத்திலேயே மேட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். அதற்காகச் சேர்க்கவில்லை. நோட்டீசில் 'மகளிர் பங்கேற்பு' என்று போடுவதற்காகச் சேர்த்தார்கள்.

"நான் அம்பத்தாறு, கூடை நாப்பத்தஞ்சு. நூத்தியொண்ணுன்னு எழுதிக்கோங்க" என்றாள் அவள்.

சபை சிரித்தது. செந்தில்வேல் சிரிக்கவில்லை. ஒரு மனுஷி இப்படி வெட்கமில்லாமல் நிஜத்தைச் சொல்லலாமா என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஸ்பிரிங்குகள் வந்தன. ஆண்கள் எல்லோருக்கும் நானூறு நம்பர். வள்ளித்தாய்க்கு ஐந்நூற்று ஐம்பது, தடித்த கம்பி. மேலகரத்து வேகத்தடையில் வெள்ளோட்டம் விட்டார்கள். ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்க, பின்புறம் அடிவரைக்கும் அமுங்கி 'டொக்' என்றது. வள்ளித்தாயைத் தவிர எல்லோருக்கும் டொக். தலைவருக்கு மட்டும் டொக்கோடு நிற்காமல் பெடல் ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. என்ன மெத்து, என்ன மெத்து என்று பாராட்டிக்கொண்டார்கள். டாக்டர் மட்டும் குனிந்து தலைவரின் பெடலை ஒரு பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

செந்தில்வேலுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று சட்டியில் ஒரு சட்டி இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு சாரல் விழாப் பயணம். மேடு ஏறி ஐந்தருவி வரைக்கும் தலைவர் முன்னால் போக வேண்டும். வழியெல்லாம் டொக் டொக்கென்று போனால் ஏழாம் விதி தன் கழுத்துக்கே வரும். ஐந்நூற்று ஐம்பது வேண்டும். மறுபடி தனியாக வரவழைத்தால் கதை வெளியாகிவிடும். இருப்பது ஒன்றே ஒன்று.

மறுநாள் மத்தியானம் முத்திரைப் பையோடு வள்ளித்தாயின் கடைக்குப் போனார். கூடையோடு தூக்கி வைத்து நிறுக்கும் அவளுடைய எலக்ட்ரானிக் மேடைத் தராசுக்கு முத்திரைக் காலம் முடிந்து, மூன்று தடவை அலுவலகத்துக்கு வந்து 'நாளைக்கு வா' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போயிருந்தாள். இப்போது அலுவலகமே கடை தேடி வந்துவிட்டது. தராசைச் சோதிக்காமலே முத்திரையை அழுத்தினார்.

"கல்லு வச்சுப் பாக்காண்டாமா அண்ணாச்சி?"

"உன்ன எனக்குத் தெரியாதா? அத விடு. உன் ஸ்பிரிங்க எனக்குத் தந்துட்டு என்னுத நீ வச்சுக்கோ. இது மெத்துன்னு இருக்கும்."

"மெத்துன்னு இருந்தா கூடை தாங்காதே."

"எல்லாம் தாங்கும்."

"அப்போ நீங்களே வச்சுக்கிடலாம்லா?"

செந்தில்வேல் குத்தின முத்திரையை விரலால் தடவிக்கொண்டே, எந்த முத்திரையையும் எடுக்கவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று பொதுவாக ஒரு சட்ட விளக்கம் சொன்னார். வள்ளித்தாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சைக்கிள் கடை சுடலைமணி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்பிரிங்குகளை மாற்றினார். நம்பர்களைச் சுரண்டிவிட்டு, தடித்ததில் நானூறும் மெலிந்ததில் ஐந்நூற்று ஐம்பதும் பெயிண்டில் எழுதினார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. ஊரில் பல சான்றிதழ்களைவிட நன்றாகவே இருந்தது.

சாரல் விழா ஞாயிறு. தூறல், காற்று, நோட்டீசுக்குப் போட்டோ. செந்தில்வேல் ராஜா மாதிரி முன்னால் போனார். டொக் இல்லை, பொறி இல்லை. பின்னால் பதினோரு டொக்கும் ஒரு டாக்டர் டொக்கும். எல்லோருக்கும் பின்னால் வள்ளித்தாயின் வண்டி கூடையோடு அமுங்கி, பெடல் ரோட்டில் இடிக்க, ஓட்ட முடியாமல் அவள் தள்ளிக்கொண்டே மேடேறி வந்தாள்.

ஐந்தருவியில் டாக்டர் வள்ளித்தாயைப் பிடித்துக்கொண்டார். நானூறு நம்பரில் தலைவர் நிமிர்ந்து வருகிறார், ஐந்நூற்று ஐம்பதில் இவள் தரையோடு தரையாக வருகிறாள். அப்படியானால் கூடையில் சொன்னதைவிடக் கூட ஏற்றியிருக்கிறாள். மன்றத்துக்குப் பொய் எடை கொடுத்திருக்கிறாள் என்றார். பொய் எடை என்ற சொல்லைக் கேட்டதும் பன்னிரண்டு பேரும் கொதித்துப் போனார்கள். செந்தில்வேல் எல்லோரையும்விடக் கூடுதலாகக் கொதித்தார்.

வள்ளித்தாய் கடைத் தராசை நடுரோட்டில் இழுத்துப் போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றாள். நூற்று ஒன்று. சொன்னது சொன்னபடி.

"தராசு சரியான்னு பாக்கணும்லா" என்றார் டாக்டர். "தெரிஞ்ச எடை ஒண்ணு வேணும். குறிப்பேட்டுலயே இருக்கு, தலைவர் எழுபத்தெட்டு. ஏறுங்க அண்ணாச்சி."

இப்போதுதான் பெங்களூர்க் கல்யாணம் எதற்கு என்று செந்தில்வேலுக்குப் புரிந்தது. ஓடவும் வழியில்லை, போட்டோக்காரர் நிற்கிறார். ஏறினார். தராசு கொஞ்சமும் தயங்காமல் நூற்று ஒன்று என்றது.

ஏழாம் விதிப்படி என்று டாக்டர் வாயைத் திறந்தார்.

"ஆமா" என்றார் செந்தில்வேல், தராசிலிருந்து இறங்காமலே. "தராசு சரின்னு முடிவு பண்ணுங்க, நான் இப்பவே ராஜினாமா பண்ணுதேன். பொறவு யாரு தலைவரோ, அவரு இதுல ஏறி நிக்கட்டும். அவருக்குப் பொறவு வரிசையா எல்லாரும்."

பதினோரு பேர் அருவியின் அழகைப் பார்க்கத் தொடங்கினார்கள். டாக்டர் தன் வயிற்றைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். நீதி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது.

"இருபத்துமூணு கிலோ கூடக் காட்டுதே. எத்தனை ஏழை சனம் ஏமாந்திருக்கும்" என்றார்.

தராசு பொய் சொல்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் அங்கேயே அதிகாரியாக மாறித் தராசைப் பறிமுதல் செய்தார். போன வாரம் முத்திரை குத்தினது நீங்கள்தானே என்று வள்ளித்தாய் கேட்டதற்கு, குத்தும்போது சரியாக இருந்தது, பிறகு கெட்டுவிட்டது என்றார்.

"சரி அண்ணாச்சி. தராசு பொய்யின்னா நீங்க எழுபத்தெட்டு. எழுபத்தெட்டுக்கு என் ஸ்பிரிங்கு எதுக்கு? கழத்தித் தாங்க."

எந்த ஸ்பிரிங் என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் பேனாவை மூடிவிட்டார். பக்கத்துக் கடைக்காரி தன் தராசைக் கொண்டுவந்து வைத்தாள். வள்ளித்தாய் கூடையோடு ஏற, அதுவும் நூற்று ஒன்று என்றது. அதையும் பறித்தார்கள். அடுத்த கடைத் தராசும் அதே பொய்யைச் சொன்னது. அத்தனை தராசும் கூட்டுச் சேர்ந்து சதி செய்திருந்ததை ஒரே நாளில் கண்டுபிடித்த அதிகாரி என்று செந்தில்வேலுக்கு மன்றம் பொன்னாடை போர்த்தியது. சால்வை கொஞ்சம் எட்டவில்லை.

இன்றைக்கு ஐந்தருவியில் தராசு கிடையாது. பழத்தைக் கூறு போட்டுத்தான் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் கண்ணால் நிறுத்துக்கொள்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அரசு முத்திரையோடு, எடை குறையாமல் நடமாடும் சரக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அது எல்லோருக்கும் முன்னால் கம்பீரமாகப் போகிறது. வள்ளித்தாய் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து மேடேறுகிறாள். அவளுடைய ஸ்பிரிங் தலைவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.