பர்வீன் பெயரில் ஒரு டப்பா

கம்பத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, லேபிள் பாய்க்குத் தெரியாமல் எந்தக் கறிக்குழம்பும் மறுநாளைப் பார்த்துவிட முடியாது.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட டீச்சர். அவர் ஏலக்காய்க் கடையில் முப்பது வருஷம் மூட்டைகளுக்கு லேபிள் எழுதியவர். வேலையை விட்ட பிறகு எழுத மூட்டை கிடைக்கவில்லை. குழம்பில் இறங்கிவிட்டார்.

நான் குடிவந்த முதல் ஞாயிறே வாசலில் நின்று மோப்பம் பிடித்தார்.

"டீச்சரு, கறி வச்சு எம்புட்டு நேரமாச்சு?"

"காலைல வச்சது பாய்."

"மணி நாலு! இன்னும் அடுப்புலயேவா வச்சிருக்கீக? ரெண்டு மணி நேரத்துல ஃப்ரிட்ஜுக்குள்ள போயிருக்கணும்ல!"

"சூடா இருந்துச்சேன்னு..."

"சட்டியோட விட்டா எப்பங்க ஆறும்? சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சு, தண்ணித் தட்டுல வச்சு ஆத்தணும். வேணுங்கிறத மட்டும் எடுத்துத் தளதளன்னு கொதிக்க விடணும். ஃப்ரிட்ஜுல மூணு நா, அம்புட்டுத்தான். இதக் கொட்டுங்க!"

கொட்டினேன். அரைக் கிலோ! வயிறு எரிந்தது.

பாய் தனி ஆள். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் பர்வீன் கோயம்புத்தூரில். ஆனாலும் ஞாயிறுதோறும் ஒன்றரைக் கிலோ கறி எடுப்பார். மனைவி வைத்த அளவைத் தவிர வேறு அளவு அவருக்குத் தெரியாது. ஆறு டப்பாக்களில் ஊற்றி, நாள், மணி எழுதி ஒட்டி, இரண்டை ஃப்ரிட்ஜிலும் மிச்சத்தை ஃப்ரீசரிலும் வைத்து, வாரம் முழுக்க ஒற்றை ஆளாகத் தின்று தீர்ப்பார். என்னையும் கூப்பிடுவார். "நோட்டுத் திருத்தணும் பாய்" என்று நழுவிவிடுவேன். சோறு போடுகிற சாக்கில் பாடம் நடத்துவாரே!

ஒரு ஆடி மாதம், காற்றில் மரம் சாய்ந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. பாய் வீடு வீடாக ஏறி, ஃப்ரீசரில் இளகிய குழம்பையெல்லாம் கொட்ட வைத்தார். எதிர்வீட்டு அக்கா அழாத குறை.

"ஊரார் வீட்டுதெல்லாம் கொட்டுனீகளே, உங்க வீட்டுது?" என்று கேட்டு, நானே போய் அவர் ஃப்ரீசரைத் திறந்தேன். சுத்தமாகத் துடைத்திருந்தார். ஐஸ் தட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு டப்பா. லேபிளில் 'பர்வீன் – நல்லி எலும்பு' என்றிருந்தது. தேதியை ஐந்து தடவை அடித்து அடித்து எழுதியிருந்தார். மூடியைத் திறந்தால் கெட்ட வாடை.

"என்ன பாய் இது? நீங்களா இப்படித் தேதிய மாத்துனது?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த வாரம் வாரேன், அடுத்த வாரம் வாரேன்னு ஒவ்வொரு தடவயும் சொல்லுது. வந்து நிக்கும்போது நல்லி இல்லேன்னு சொல்ல முடியுமா டீச்சரு?"

முகம் தெரியாத அந்தப் பர்வீன் மேல் கோபம் வந்தது. சும்மா நோட்டைச் சாக்குச் சொன்ன என் மேலும் வந்தது.

"கொட்டிரட்டுமா?"

"கொட்டிருங்க. நான் இங்கன நிக்கல" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரிடம் போனேன். "பாய், ஞாயித்துக்கிழம கீழ வந்து சாப்பிடுறேன்."

"நோட்டு?"

"அது கெடக்கு."

அந்த ஞாயிறு முதல் 'டீச்சரு' என்று ஒரு டப்பா சேர்ந்தது.

இப்போது மாற்றலாகித் தேனிக்கு வந்துவிட்டேன். ஞாயிறு காலையானால் கம்பம் பஸ் ஏறிவிடுவேன். என் பெயர் எழுதிய டப்பாவில் பாய் ஒரு தடவைகூடத் தேதியை அடித்து எழுதக் கூடாது.