சிக்காகோ அண்ணையின் ரசம்

கொலோன் நகரத்தில் மதுவிலக்கு இருந்தது என்று சொன்னால் ஜெர்மன்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எங்கள் தமிழ்ச் சங்கம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்துக்குள். அந்தக் காலத்தில் மண்டபத்தை ஆண்டவர் சங்கத் தலைவர் அல்ல, சிக்காகோ அண்ணை. பூமியில் தோன்றிய கடத்தல்காரர்களில் அவரைப் போல ஒழுக்கமானவர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. தான் கடத்தியதில் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது ஐயாவுக்கும் அவர் அண்ணைதான். சாம்பல் நிறத் தொப்பி, கோடு போட்ட கோட்டு, கறுப்பும் வெள்ளையும் கலந்த சப்பாத்து. அகதிகள் விடுதித் தொலைக்காட்சியில், அமெரிக்கக் கள்ளச்சாராயக் கும்பல்களின் பழைய படங்களை ஜெர்மன் குரலில் பார்த்துத்தான் அவர் அந்த மொழியைப் பழகினார். அதனால் அவர் பேக்கரியில் பாண் கேட்டாலும் கடைக்காரப் பெண் கையைத் தூக்கலாமா என்று யோசிப்பாள்.

சிக்காகோ மோகம் அதற்கும் முந்தியது. சிக்காகோவில் இறக்குவதாகச் சொல்லித்தான், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவரைக் கூட்டி வந்தான். விடியற்காலைப் பனியில் லொறிக் கதவு திறந்தது. முன்னால் அகலமான ஆறு, பெரிய இரும்புப் பாலம்.

"மூடுபனிக்குள்ள ரெண்டு கோபுரம் தெரிஞ்சுது, தங்கச்சி. மாடிக் கட்டடங்கள் எண்டு நினைச்சன். ரெண்டு நாள் சிக்காகோ எண்டே நடந்து திரிஞ்சன். என்ன வடிவு!"

"பிறகு?"

"ஒரு பொலிஸ்காரன் வந்து, இது கொலோன் எண்டான். அந்தக் கோபுரம் ரெண்டும் தேவாலயமாம்."

இதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் பாதி மூடிக்கொள்ளும். கேட்பவருக்கும் அந்தப் பனி மெல்லக் கண்ணுக்குள் இறங்கும்.

மதுவிலக்கு வந்தது ஒரு பிள்ளையின் பூப்புக் கொண்டாட்டமான சாமத்திய வீட்டில். குடித்துவிட்டு வந்த ஒருவர் கதிரை என்று நினைத்து மூன்றடுக்குக் கேக்கில் உட்கார்ந்தார். தலைவர் அன்றே மைக்கைப் பிடித்தார். "இனி மண்டபத்துக்குள்ளயும் ஏலாது, கார் டிக்கிக்குள்ளயும் ஏலாது! பிடிபட்டால் சங்கப்பக்கம் தலை காட்டக் கூடாது!"

சிக்காகோ அண்ணை வாழ்நாள் முழுவதும் காத்திருந்த அழைப்பு அது.

நான் எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற ஆள். அவருடைய வழிகள் இப்படி வளர்ந்தன: முதலில் மிருதங்கப் பெட்டிக்குள் பியர். அடுத்து பால்போத்தலில் வொட்கா. அந்தப் போத்தலுக்குரிய குழந்தையை ஒருவரும் கண்டதில்லை. உச்சமாக, பெரிய பிளாஸ்கில் விஸ்கி, மேலே "ரசம்" என்று எழுதிய தாள். பிரியாணி விருந்தில் ரசத்துக்கு ஆண்கள் வாசல்வரை வரிசையில் நின்றார்கள்.

தலைவர் உருகிப்போனார். "பாத்தியளே, குடி போன உடன சனத்துக்கு ரசத்தில ருசி வந்திட்டுது!"

ரசம் குடித்தவர்கள் பாடத் தொடங்கினார்கள்.

நான் அப்போது மின்பொறியியல் மாணவி. மண்டபத்தின் ஒலிபெருக்கி என் பொறுப்பு. ஒருநாள் கேட்டேன். "பிடிபட்டால் என்ன செய்வியள், அண்ணை?"

அவர் இடுப்பில் தொங்கிய மண்டபத் திறப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். வார நாட்களில் வைத்தியசாலைச் சலவை அறையில் வேலை, பிறகு தனி அறை. சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து கதிரை அடுக்கும்போதுதான் அவரை ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சனிக்கிழமை இல்லாட்டி நான் ஆர், தங்கச்சி?" என்றார்.

வீழ்ச்சி பொங்கல் விழாவில் வந்தது. மண்டபத்தைப் பராமரிக்கும் ஜெர்மன்காரர் சிறப்பு விருந்தினர். அவர் பேசப் பேச, தலைவர் பெருமையோடு தமிழாக்கினார்.

"'இந்த மண்டபத்தை எத்தனையோ சங்கங்கள் எடுக்கினம்' எண்டு சொல்லுறார். 'தமிழரைப் போலத் துப்புரவான ஆக்களை நான் காணேல்லை!'"

கைதட்டல். ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் மட்டும் ஒரு வசனம் முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"'விழா முடிய, தொப்பி போட்ட ஒராள் றோட்டுக்கு அங்கால இருக்கிற வெறும் போத்தில் தொட்டியளுக்குப் போறார். வெள்ளைப் போத்தில் வெள்ளைக்குள்ள, மண்ணிறம் மண்ணிறத்துக்குள்ள... அவ்வளவு விஸ்கிப் போத்திலும்...'"

தலைவரின் குரல் இறங்கியது. என் விரல் ஒலியைக் குறைக்கும் பொத்தானில் இருந்தது. பின்வரிசையிலிருந்து சிக்காகோ அண்ணை என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான்."

"நீர்தானோ! கள்ளமாக் கொண்டு வாறவன் எங்கயாவது எறிஞ்சிட்டுப் போறதுக்கு என்ன ஐசே?"

"சங்கத்துச் சட்டத்தை முறிக்கலாம், தலைவர். குப்பைச் சட்டத்தை முறிக்க ஏலாது. இது ஜெர்மனி."

திறப்பு மேசையில் வைக்கப்பட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை வீதிக்கு எதிர்ப்புறம், அதே தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த சனியும் நின்றார். வீதி சங்கத்துக்குச் சொந்தமில்லையே. இதற்கிடையில் மண்டபத்துக் கதிரைகள் கோணலாயின. கண்ணாடிப் போத்தல்கள் கடதாசித் தொட்டிக்குள் போயின. புகழ்ந்து பேசிய அதே ஜெர்மன்காரர், இப்படியே போனால் மண்டபம் இல்லை என்றார்.

ஒரு மத்தியானம் தலைவர், வெறும் தண்ணீர் இருந்து காலியான நீலக் கண்ணாடிப் போத்தலோடு வீதியைக் கடந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"நீலம் எதுக்குள்ள, ஐசே?"

"பச்சைக்குள்ள போடுங்கோ."

போட்டார். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார். "வாரும் உள்ள. குளிருது. ரசம் மட்டும் வைக்காதையும்."

படிப்பு முடிந்து, வேலை விஷயமாக நான் உண்மையான சிக்காகோவுக்குப் போனேன். பனி கொட்டியது. ஆறு, இரும்புப் பாலம், மூடுபனிக்குள் பாதி கரைந்த மாடிக் கட்டடங்கள். பாலத்தின் நடுவில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எப்பிடி இருக்கு, தங்கச்சி?"

"கொலோன் மாதிரித்தான் இருக்கு, அண்ணை."



"நான் அப்பவே நினைச்சனான். அந்தப் பொலிஸ்காரன்தான் பிழை."

அவரைத் தவறான ஆற்றங்கரையில் இறக்கிவிட்ட அந்த ஏஜென்சிக்காரனுக்கு, பாலத்தில் நின்றபடியே, மனதுக்குள் நன்றி சொன்னேன்.