காலியாக இருந்த சனிக்கிழமை

மனித குலம் எத்தனையோ விஷயங்களை நீட்டிப் பார்த்திருக்கிறது. ஆயுளை நீட்டியது, ரயில் பாதையை நீட்டியது, மேடை கிடைத்தபோதெல்லாம் பேச்சை நீட்டியது. ஆனால் தோல்வியை நீட்டிய பெருமை வட விஸ்கான்சினில் இருக்கும் எங்கள் டமராக் கல்லூரி ஒன்றையே சாரும். அவசரத்தில் 'டமாரக் கல்லூரி' என்று படிப்பவர்கள் உண்டு. அவர்களைத் திருத்தும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்தச் சாதனைக்காக அமைக்கப்பட்ட 'பருவ நீட்டிப்பு உயர்மட்டக் குழு'வுக்கு நான்தான் செயலாளர். கீழ்மட்டக் குழு என்று ஒன்று இல்லாததால் எங்கள் உயரத்தை அளக்க வழியில்லை.

எங்கள் கால்பந்து அணிக்கு 'மரங்கொத்திகள்' என்று பெயர். கால் அபூர்வமாகவே படும் கால்பந்து இது. பெரும்பாலும் கையும் தலையும் அடுத்தவன் விலாவும்தான். போன ஆண்டு பத்து ஆட்டம், பத்துத் தோல்வி. ஒழுங்கு தவறாத அணி. கல்லூரியின் எண்ணூற்றுப் பன்னிரண்டு மாணவர்களில் நூற்று நாற்பது பேர் இதில் இருக்கிறார்கள். களத்தில் ஒரு நேரத்தில் பதினோரு பேர்தான் ஆடலாம். மீதி நூற்று இருபத்தொன்பது பேர் ஓரமாக நின்றபடி கட்டணம் கட்டுகிறார்கள். எங்களைப் போன்ற சிறு கல்லூரிகளில் விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது என்பது விதி. அதாவது, கல்லூரி ஆட்டக்காரனுக்குத் தராது. ஆட்டக்காரன்தான் கல்லூரிக்குத் தருகிறான்.

மார்ச் மாதத்தில் குழு கூடியது. கல்லூரித் தலைவர் டாக்டர் வெண்டல் பிரவுட்டி, கனெக்டிகட்டிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆனவர், பயிற்சியாளர் ரூபன் ஹாக்ஸ்டாடைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ரூபன், எட்டு வருஷமா இருக்கீங்க. போன வருஷம் ஒண்ணுகூட ஜெயிக்கல. வர்ற பருவத்துல ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும். இல்லேன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது."

"பதினோரு ஆட்டம் குடுங்க, டாக்டர்."

"பத்துலயே ஜெயிக்கலையே?"

"அதான் கேக்கறேன். பத்துல முடியலேன்னு நிரூபிச்சாச்சு. பதினொண்ணை இன்னும் யாரும் நிரூபிக்கல."

ரூபன் இந்த ஊரிலேயே பிறந்தவர். இங்கே வேலை போனால் அடுத்த வேலை நூற்றைம்பது மைலுக்கு அப்பால். அதைவிட, அவர் மனைவி ஜோலின் மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வைத்திருந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியம் அது.

தலைவருக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. எங்களைப் போன்ற கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் அந்த ஆண்டுதான் பதினோராவது ஆட்டத்துக்கு அனுமதி தந்திருந்தது. "பத்து ஆட்டம் ஆடற கல்லூரி, பதினோரு ஆட்டம் ஆடற கல்லூரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பையன் நிக்கறான். எந்தப் பக்கம் போவான்?" என்று கேட்டார். பதினோரு தோல்வியின் பக்கம் ஏன் போவான் என்று கேட்கும் அளவுக்கு நான் குழுவில் மூத்தவன் இல்லை.

எப்போது ஆடுவது, என்ன செலவாகும் என்று ஆராய பாஸ்டனிலிருந்து பிராட்லி ஃபின்ச் என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அறுபத்து நான்கு பக்க அறிக்கை. பஸ், நடுவர்கள், மருத்துவர், புல்வெளிக்குச் சுண்ணாம்புக் கோடு, தொள்ளாயிரம் பேருக்கு வாட்டிய தொத்திறைச்சி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர் ஆகும் என்று கண்டுபிடித்திருந்தார். அதைக் கண்டுபிடிக்க நாற்பத்தோராயிரம் வாங்கினார். ஆக, ஆராய்ச்சியைவிட ஆட்டம் மலிவு என்பது முதல் பக்கத்திலேயே நிரூபணமாயிற்று.

அடுத்து ஒரு நாள்காட்டியைத் திரையில் காட்டினார். அவர் குரல் தழுதழுத்தது.

"இதைப் பாருங்க. நவம்பர்ல, நன்றி நவிலல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை. சுத்துப்பட்டு எட்டு மாவட்டத்துலயும் அன்னைக்கு ஒரு கல்யாணம் இல்ல. ஒரு ஏலம் இல்ல. சர்ச்சுல ஒரு விருந்துகூட இல்ல. முப்பது வருஷப் பதிவைப் புரட்டிட்டேன், முப்பது வருஷமா காலி! இப்படி ஒரு வாய்ப்பை இந்த ஊர்ல யாருமே கவனிக்கலையா?"



அந்தச் சனிக்கிழமைதான் மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று விடிவதற்கு முன்னாலேயே, எங்கள் மாவட்டத்தில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் வேட்டைக்காரரின் ஆரஞ்சு நிறச் சட்டையில், துப்பாக்கியோடு மரத்தின் மேல் காத்திருப்பார்கள். அன்று பிறக்கவேண்டிய குழந்தைகள் அப்பாவின் கோபத்துக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளிப் பிறப்பதாகக் கேள்வி.

இதை எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. இங்கே ஒருவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்பது, விருந்துக்குப் போன வீட்டில் உப்பு கேட்பதைவிடப் பெரிய குற்றம். எங்கள் அகராதியில் இருக்கும் ஆகக் கடுமையான எதிர்ப்பு, 'அது வித்தியாசமா இருக்கே' என்பதுதான். அதைக் கேட்டபின் அண்ணன் தம்பி பத்து வருஷம் பேசாமல் இருந்ததுண்டு.

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று சமையல்கூடத் தலைவி டார்லீன் குபியாக்கை ஆலோசகர் கேட்டார். டார்லீன் துப்பாக்கி எடுத்தால் மாவட்டத்திலேயே குறி தவறாத கைக்காரி.

"அது... வித்தியாசமா இருக்கே," என்றாள் டார்லீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

'உற்சாகமான வரவேற்பு' என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"யோசிச்சுப் பாக்கவேண்டிய விஷயம்தான்," என்றேன் கடுமையாக.

'பேராதரவு' என்று எழுதிக்கொண்டார்.

ரூபன் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி, "பெல் ஹார்பர் கல்லூரியைக் கூப்பிடலாம். அவங்க பசங்க எல்லாரும் இந்தக் காட்டுப் பக்கம்தான். பஸ் செலவு குறையும்," என்றார். பெல் ஹார்பர் பயிற்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவரும் "அது வித்தியாசமா இருக்கே" என்றார். அன்று மாலையே அவருக்கு ஆட்ட ஒப்பந்தம் அனுப்பப்பட்டது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பதால் கையெழுத்தும் வந்துவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒருவருக்கும் விருப்பமில்லாத ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றுவதே ஜனநாயகத்தின் உச்சம் என்று நான் நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் டார்லீன் ரூபனை மடக்கினாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு.

"டேய் ரூபா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? வேட்டை திறக்கற நாள்டா அது! பன்னெண்டு வயசுலேர்ந்து ஒரு வருஷம்கூட நீ விட்டதில்ல."

"தெரியும்."

"உன் பசங்க அத்தனை பேரும் மரத்து மேல உக்காந்திருப்பானுங்க."

"அத்தனை பேருமா?"

"பின்னே? அந்தப் பெரிய மனுஷன்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நல்லாருக்காது."

"அதேதான் எனக்கும்."

ஏப்ரலில் ரூபன் புது ஆட்டக்காரர்களைத் தேடி வழக்கம்போலப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போகவில்லை. ஃபீனிக்ஸுக்கும் மயாமிக்கும் போனார். பனியைக் குளிர்பெட்டியில் மட்டுமே பார்த்த பதினாறு பையன்களோடு திரும்பினார். அவர்கள் துப்பாக்கியை நேரில் கண்டதில்லை. மானைப் படத்தில் கண்டிருந்தார்கள், அதுவும் சிரிக்கிற மான். 'இவனுங்க எதுக்குடா?' என்று ஊரே கேட்டது. அதாவது, 'வித்தியாசமா இருக்கே' என்றது.

பருவம் தொடங்கியது. பத்து ஆட்டங்களில் பத்தையும் முறைப்படி தோற்றோம். பத்தாவதில் ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம். ஜோலின் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

பதினோராவது சனிக்கிழமை விடிந்தது.

தொள்ளாயிரம் பேர் வருவார்கள் என்பது ஆலோசகரின் கணிப்பு. பதினோரு பேர் வந்திருந்தோம். ஒருவேளை அதுவும் களத்துக்குப் பொருத்தமான எண் என்பதால் இருக்கலாம். ஏழு நடுவர்களில் இருவர் வந்தார்கள். ஒருவர் சைவம், மற்றவருக்குத் துப்பாக்கி உரிமம் ரத்தாகியிருந்தது. மருத்துவர் இல்லாமல் ஆடக்கூடாது என்பதால், ஒரு மாட்டுப் பிரசவத்துக்காக ஊரில் தங்கிப்போன கால்நடை மருத்துவரை அழைத்து வந்தோம். அவர் எங்கள் பையன் ஒருவனின் முழங்கால்களைத் தடவிப் பார்த்து, "இந்த ரெண்டும் நல்லாருக்கு. மத்த ரெண்டு எங்கேன்னு தெரியல," என்றார்.

முதல் வரிசையில் டாக்டர் பிரவுட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். காட்டுப் பக்கமிருந்து 'டமார், டமார்' என்று கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"உற்சாகம், டாக்டர்," என்றேன்.

"நமக்காகவா?"

"நம்ம பருவத்துக்காக."

தலைவர் எழுந்து நின்று காட்டை நோக்கிக் கையசைத்தார்.

பெல் ஹார்பர் பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கினார்கள். பதினோரு பேருக்கு மேல் ஆடக்கூடாது என்றுதான் விதி. குறைவாக ஆடுவது அவரவர் விதி. எங்கள் பக்கம், ரூபனின் பதினாறு வெளியூர்ப் பையன்கள் மட்டும் ஆளுக்கு மூன்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க நின்றார்கள். நூற்று நாற்பதில் மிச்சமெல்லாம் மரத்தின் மேல். பெயருக்கேற்ற மரங்கொத்திகள்.

ஃபீனிக்ஸுக்கும் மயாமிக்கும் ரூபன் ஏன் போனார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரூபனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "ஓடுங்கடா, நின்னா உறைஞ்சுபோவீங்க!" என்று கத்தினார். எட்டு வருஷத்தில் அவர் தந்த மிகச் சிறந்த ஆட்ட உத்தி அது.

பதினாறு பேரும் மாறி மாறி இறங்கிப் பத்துப் பேரோடு மோதினார்கள். மூன்றரை மணி நேரத்தில் இரு தரப்பும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி மூன்று நிமிஷம். பெல் ஹார்பர் தன் எல்லைக்கோட்டை ஒட்டி மாட்டிக்கொண்டது. பந்தைத் தூர உதைத்துத் தப்பிக்க வேண்டும். நடுவில் குனிந்திருந்த பையன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிந்தான். அழகான எறி, நான்கு வருஷப் பயிற்சி. பிடித்து உதைக்க வேண்டியவன் அந்த நேரத்தில் முப்பது மைல் தள்ளி ஒரு ஓக் மரத்தின் மேல் இருக்கிறான் என்பதை மட்டும் மறந்துவிட்டான். பந்து யாருமில்லாத புல்வெளியில் உருண்டு உருண்டு எல்லையைத் தாண்டிப் போய் நின்றது. தன் எல்லைக்கு வெளியே பந்தை விட்டால் எதிரணிக்குப் புள்ளி என்பது விதி. எங்களுக்கு இரண்டு புள்ளி.

இரண்டுக்குப் பூஜ்யம். வெற்றி! ரூபன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜோலின் ஓடிவந்து அவர் தொப்பியைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்தாள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் காதல்.

அந்த நேரம் பார்த்து டார்லீனின் வண்டி வந்து நின்றது. உள்ளே தொள்ளாயிரம் தொத்திறைச்சி. பின்னால், கொம்பில் எட்டுக் கிளையோடு ஒரு மான்.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"மான்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தானே திறந்தாங்க. ஊரே அங்கதான் இருக்கு. ஏழரை மணிக்கு விழுந்துச்சு. அதான் சாப்பாடு கொஞ்சம் தாமதம். ஆளுக்கு எண்பது எடுத்துக்குங்க."

தலைவரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நாங்க சொன்னோமே," என்றாள் டார்லீன். "வித்தியாசமா இருக்குன்னு."

இங்கே வேறொரு தலைவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். எங்கள் தலைவர் கூட்டம் போட்டார். செவ்வாய்க்கிழமை ஆலோசகர் புது அறிக்கையோடு வந்தார். மான் பருவத்தில் எங்கள் வெற்றி நூறு சதவீதம். மற்ற நாட்களில் பூஜ்யம். ஆகவே அத்தனை ஆட்டங்களையும் மான் பருவத்திலேயே வைக்கவேண்டும். ஆனால் மான் பருவம் ஒன்பதே நாள், ஆட்டமோ பதினொன்று. இதற்கும் அறிக்கையில் வழி இருந்தது. மான் பருவத்தைப் பதினோரு வாரமாக நீட்டும்படி மாநில வனவிலங்குத் துறைக்கு விண்ணப்பம்.

"மானுங்க என்னத்துக்கு ஆகும்?" என்றாள் டார்லீன்.

"கல்லூரியோட மானம் பெருசா, மான் பெருசா?" என்றார் தலைவர்.

ரூபனின் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஒரே நிபந்தனை: துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஊர்களிலிருந்து இன்னும் அறுபது பையன்களைக் கொண்டுவர வேண்டும். ஜோலின் பாத்திரங்களைப் பிரித்து அடுக்கினாள். ரூபன் அந்த வருஷம் ஒரு நாள்கூடக் காட்டுக்குப் போகாமல், பெட்டி நிறைய வழவழப்பான விளம்பரத் தாள்களோடு ஃபீனிக்ஸுக்கு விமானம் ஏறினார்.

டிசம்பரில் வனவிலங்குத் துறையிடமிருந்து பதில் வந்தது. பணிவான மறுப்பு. மான்களுக்கு ஓய்வு வேண்டுமாம். கண்டபடி சுட்டால் இனம் அழிந்துவிடுமாம். உரிமம் இல்லாமல் யாரும் காட்டுக்குள் நுழையக்கூடாதாம். எத்தனை என்பதற்கு வரம்பு உண்டாம். கொம்பு முளைக்காததைச் சுடத் தனி அனுமதிச் சீட்டு வேண்டுமாம்.

"அப்பப்பா, எவ்வளவு கட்டுப்பாடு!" என்று தலைவர் கடிதத்தை வீசினார். நான் அதை எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் கல்லூரியும் வேட்டைக்குத்தான் போகிறது. ஆனால் எங்களிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை. வரம்பும் கிடையாது. மீசை முளைக்காத பையனை வீழ்த்த ஒரு வண்ண விளம்பரத் தாளும் பதினோரு ஆட்டமும் போதும். எங்களுக்குப் பருவத்தை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. அது வருஷம் முழுக்கத் திறந்தே இருக்கிறது.