‘நீ’ என்றொரு ஜெர்மன் சொல்

கடத்தூர்,
8-2-1938.

சேலம் உபதேசியார் மாமா அவர்களுக்கு மருமகன் மாது வணங்கி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் பள்ளிக்கூடமும் சுகம். மற்றதெல்லாம் அசுகம்.

நம் ஜெர்மன் பாதிரியாரைத் தாங்கள்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டுக் கொடுத்தார். இங்கிலீஷ்காரன் கட்டியது, அதை அவர் ஊர்க்காரன் ஜெர்மனில் பெயர்த்திருக்கிறான். தமிழில் பெயர்த்தால் ராகம் கெடுமாம். ஆகவே பண்ணையில் களையெடுக்கிற நம் சேரிப் பெண்கள், தமிழே படிக்க வழியில்லாதவர்கள், ஜெர்மனில் துதித்தார்கள். கர்த்தருக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்ற தைரியத்தில் நானும் கற்றுக்கொடுத்தேன். பல்லவியில் ‘நீ’ என்று ஒரு சொல். ஜெர்மனில் அதற்கு ‘ஒருக்காலும் இல்லை’ என்று அர்த்தம். கர்த்தர் ஒருக்காலும் நம்மைக் கைவிடார். மூன்று தரம் கையை நீட்டிப் பாட வேண்டும் என்பது பாதிரியார் உத்தரவு.

முன்வரிசை நாற்காலியில் பண்ணைக்காரர் கருப்பண்ணன். சேரிக் கிணறு வற்றிவிட்டதால், தம் கிணற்றில் நாங்கள் மொண்டுகொள்ளலாம் என்று சபையில் சொல்ல வந்திருந்தார். மழை அவர் பாட்டன் வீட்டுக் கூரையிலிருந்து பெய்தது போல இதற்கு மாலை வேறு. குள்ளம்மாள் அவர் பண்ணையாள்; பிறந்ததிலிருந்து அவரை ‘சாமி, நீங்க’ என்றே பேசியவள். அவள் முன்னால் நின்று, அவர் மூக்குக்கு நேரே கையை நீட்டி, ‘நீ! நீ! நீ!’ என்றாள். மாலை பறந்தது.

“யாரைப் பாத்துடி ‘நீ’ங்கறே?”

“அய்யோ, அது செர்மனிங்க! மரியாதைக் கொறச்சல் இல்லீங்க!” என்று ஓடினேன்.

“எந்தச் சீமையா இருந்தா எனக்கென்னடா? தண்ணி வேணும்னா ‘நீங்க’ன்னு பாடச் சொல்லு!”

பாதிரியாரோ ‘நீங்க’ என்று ஒரு சொல் ஜெர்மனிலேயே கிடையாது என்கிறார். அவருக்கு ஜெர்மன் இலக்கணம், இவருக்குத் தமிழ் மரியாதை, நடுவில் குடத்தோடு சேரி. நான் குடத்தின் பக்கம் சேர்ந்து, போன ஞாயிறு ‘நீங்க! நீங்க! நீங்க!’ என்றே பாடவைத்தேன். பண்ணைக்காரர் தலையாட்டினார், கிணறு திறந்தது. ஆனால் வருகிற ஞாயிறு பழையபடி ‘நீ’ என்றுதான் பாட வேண்டுமென்று பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாடினால் கிணறு மூடும். ஜனங்கள் கபடில்லாமல் பணிவோடு பாடினார்கள் என்று தாங்கள் அவருக்கு எழுதி, அந்த ஒரு ‘ங்க’வை அனுமதிக்கச் செய்ய வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளைக் கர்த்தர் காப்பாராக.

தங்கள் மருமகன்,
சாமுவேல் மாது

பி.கு.: எழுத வேண்டாம். பாதிரியார் தமிழ் அகராதியைப் புரட்டினாராம். ‘நீங்க’ என்றால் ‘விலக’ என்று போட்டிருக்கிறதாம். ‘பாவம் நீங்க’ என்று எடுத்துக்கொண்டு, மூலத்தைவிட இதுவே உசத்தி என்கிறார். இதைக் குள்ளம்மாளிடம் சொன்னேன். “பாவமா? அட போங்க வாத்தியாரே, ‘புடிச்ச பீடை நீங்க’ன்னு நாங்க அந்தாளைப் பாத்தில்ல பாடுனோம்!” என்கிறாள். பண்ணைக்காரருக்கோ பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இதையே பாட வேண்டுமாம்.