வாய்க்காலில் நாற்பது மாடு

திங்கட்கிழமை காலை ஆய்வாளரம்மா வந்தபோது வாய்க்காலுக்குள் நாற்பது மாடுகள் நின்றிருந்தன. போன வாரம் ஏழுதான் நின்றன.

"என்னங்க இது?" என்றார் பண்ணைக்காரரிடம்.

"நீங்க சொன்னதுதாம்மா. அழுக்கைக் குறைச்சா மில்லுக்காரங்க பணம் தருவாங்கன்னீங்க. குறைக்கணும்னா முதல்ல கொஞ்சம் இருக்கணும்ல? ஏழு மாட்டைக் குறைச்சு நான் என்னத்தக் காட்டுறது?"

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு காகித மில். தன் கழிவை முழுசாகச் சுத்தம் செய்ய அதற்கு வசதி போதாது. அதனால் மேற்பக்கத்துப் பண்ணைகளின் சாணம் ஆற்றில் சேராமல் தடுக்க மில் செலவு செய்யட்டும், அங்கே குறைகிற அழுக்கைத் தன் பேரில் எழுதிக்கொள்ளட்டும், மொத்தத்தில் ஆறு சுத்தமானால் சரி. இது மேலிடத்து யோசனை. நடக்குமா என்று மூன்று வாரத்தில் பார்த்துச் சொல்வது ஆய்வாளரம்மாவின் வேலை. நடக்காது என்றால் மில்லைப் பூட்டிவிடுவார்கள். இருநூறு குடும்பம் தெருவுக்கு வரும். நடக்கும் என்று தப்பாகச் சொல்லிவிட்டாலோ, ஆற்றில் இருக்கிற மீனும் மிஞ்சாது.

"போன வருஷ நிலவரத்திலிருந்துதான் கணக்கு" என்று அன்றே அறிவித்தார். மாடுகள் கரையேறின.

மறுநாள் பக்கத்துப் பண்ணை அக்கா தன் வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நல்லா இருக்கிற வேலியை ஏன் பிடுங்குறீங்க?"

"பத்து வருஷமா என் மாடு ஒண்ணுகூட வாய்க்காலை எட்டிப் பார்த்ததில்ல. எனக்கு ஒண்ணும் கிடையாதாம். அசிங்கம் பண்ணவனுக்குத்தான் பரிசாம். சரி, நானும் கொஞ்சம் பண்ணிப் பார்க்கலாம்னு."

நியாயம்தான். வேலி இருந்தாலே மில் பணத்தில் பங்கு உண்டு என்று ஆய்வாளரம்மா விதியைத் திருத்தினார்.

வியாழக்கிழமைக்குள் எல்லாப் பண்ணையிலும் வேலி முளைத்துவிட்டது. ஒவ்வொன்றும் நாலு முழம். மாடுகள் அவசரமே இல்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கின. ஒரு கன்று மட்டும் நின்று, கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று.

"நான் சொன்னது வேலிங்க."

"இதுவும் வேலிதானேம்மா? நீளம் எவ்வளவுன்னு நீங்க சொல்லலையே" என்றார் பண்ணைக்காரர்.

இனிப் பேச்சே கிடையாது, தண்ணீரைச் சோதித்துத்தான் பங்கு என்று ஆய்வாளரம்மா முடிவுகட்டினார். சோதனை நாளன்று வாய்க்கால் பளிங்கு மாதிரி ஓடியது. பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்; ஒரு தூசி இல்லை. பிறகுதான் சத்தம் காதில் விழுந்தது. ஐந்து பண்ணையிலும் கிணற்று மோட்டார் வாய்க்காலுக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் திருகுவதற்குள் வாய்க்கால் ததும்பிக் கரை உடைந்தது. ஓரத்தில் கிடந்த ஒரு வருஷத்துச் சாணக்குவியல் கரைந்து, அவருடைய ரப்பர் பூட்ஸைத் தடவிக்கொண்டு தண்ணீரோடு போனது.

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இதைப் போன வருஷக் கணக்குல சேர்த்துக்கலாமாம்மா?"

கரையை அடைக்கப் பொக்லைன் வந்தது. ஆய்வாளரம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவியபடி யோசித்தார். மாட்டை எண்ணினாலும் ஏமாற்றலாம், வேலியை எண்ணினாலும் ஏமாற்றலாம். வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்திலேயே வருஷம் முழுக்க அளந்தால்? அத்தனை நாளும் மோட்டார் ஓட்ட எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. ஆறும் பிழைக்கும், மில்லும் பிழைக்கும். இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்கு மனசு லேசானது.

எழுந்து பொக்லைன் டிரைவரிடம் போனார்.

"அண்ணே, இந்த வாய்க்கால் ஆத்துல விழுற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? அங்க ஒரு அளவுக்கருவி வைக்கணும்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"ஆத்துலயா? இது மேட்டைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம், நமக்கெல்லாம் குடிதண்ணி வர்ற ஏரிக்குத்தானே போகுது."