சந்தேகத்தாரின் கூஜா

கம்பம் பள்ளத்தாக்கில் அவரைப்போல் தண்ணீரைச் சந்தேகப்பட்ட மனிதர் முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டினார். பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் சந்தேகத்தார்தான்.

காரும் கிழடு. இன்ஜின் சூடேறினால், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் காக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும் என்று அவருக்குச் சதா பயம். ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீரை முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்.

"உப்புத் தண்ணி! என் வண்டியக் கெடுக்கணும்னே இங்கன கெணறு வெட்டியிருக்காக!"

அவர் பிறப்பதற்கு முன்பே வெட்டிய கிணறு அது.

இன்ஜின் ஆயிலையும் விரலில் தொட்டு வெயிலில் காட்டுவார். பால் நிறம் தட்டினால் கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். ஒருநாள் அப்படித் தோன்றியதும் தெருப் பால்காரரைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தெருவுல தண்ணி கலக்குற கை உம்ம கை ஒண்ணுதான்யா!"

என் மனைவிக்கு இடுப்பு வலி கண்டபோது, தேனி ஆஸ்பத்திரிக்கு அவர் காரில்தான் புறப்பட்டோம். தலைச்சன் பிள்ளை. சித்திரை வெயில். உத்தமபாளையம் தாண்டியதும் சந்தேகத்தார் எதையோ மோந்து பார்த்தார். மரத்தடியில் ஓரங்கட்டி, பானெட்டில் புறங்கையை வைத்தார்.

"கொதிக்குது."

"முன் சீட்டுல இருக்குற கூஜாத் தண்ணிய ஊத்துங்கண்ணே!" என்று கத்தினேன்.

"சூட்டோட ஊத்துனா இன்ஜின் ஹெட்டு விரிசல் விட்டுரும், கேஸ்கட்டும் போயிரும். பெறகு தேனிக்கு நடந்துதான் போகணும். அங்கன தள்ளி நில்லுங்க தம்பி."

சொன்னதோடு விட்டாரா? நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடுவேன் என்ற சந்தேகத்தில் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

உள்ளே என் மனைவி முனகினாள். "அண்ணே, தொண்ட வறளுது."

கூஜாவில் இருந்தது சுருளி அருவித் தண்ணீர். காருக்கென்றே பிடித்து வைத்தது, கலெக்டர் கேட்டாலும் தரமாட்டார். அண்ணாந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு கூஜாவையே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"பூராத்தையும் குடி ஆத்தா. மூஞ்சியவும் கழுவிக்க."

"அப்ப வண்டிக்கு?" என்றேன்.

காலிக் கூஜாவோடு சாலையோர வாய்க்காலில் இறங்கினார். தலைப்பாகையை அவிழ்த்துக் கலங்கல் தண்ணீரைக் கூஜாவில் வடிகட்டி, அதையும் குடித்துப் பார்த்து, காறித் துப்பினார். சூடு ஆறிய பிறகே துணி போட்டு மூடியைத் திறந்து, மெல்ல மெல்ல ஊற்றினார். கேஸ்கட் தாங்கியது. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார், மகராசன்.

சாயங்காலம் மகள் பிறந்தாள். வராந்தாவில் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். சந்தேகத்தார் குனிந்து, பானெட்டில் வைப்பதுபோலவே அதன் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"சூடு இருக்காப்புல தெரியுதே. எதுக்கும் டாக்டரம்மாவ ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

"நல்லாத்தாண்ணே இருக்கா."

நம்பினால்தானே! டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துச் சிரிக்கும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல் என்றால் இப்போதும் நான் புறங்கையைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.